காய்ச்சல் இறங்கிய பின்

காய்ச்சல் விட்டதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவது எமது மூதூர்ப் பெற்றோரின் வழக்கம். இதனை அறியாமை என்று ஏளனஞ் செய்வோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. நாட்கூலிக்கு வயலுக்கும் கடலுக்கும் செல்லும் குடும்பம் எத்தனை நாள் நோயாளியின் அருகே அமர்ந்திருக்கும்? சூடு தணிந்தால் நோய் தீர்ந்தது என்பதே ஏழையின் கணக்கு.

டெங்கு இந்தக் கணக்கிற்கு அடங்குவதில்லை. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எமது அயலூரான கிண்ணியாவில் அந்நோய் கடுமையாகப் பரவிற்று. அவ்வாண்டில் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது யாது? நுளம்பு கொணர்ந்த வைரசு என்பது பாதி விடையே. காய்ச்சல் இறங்கும் வேளையில் குருதியில் வைரசு குறைந்துகொண்டே போகிறது. பகைவன் பின்வாங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரத்திலேதான் சிலருக்குக் குருதிக்கலன்களின் சுவர் தளர்ந்து, குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது, நாடி ஒடுங்குகிறது. பகையை விரட்ட எழுப்பிய அபாய ஒலியை உடல் நிறுத்த அறியாமற்போவதன் விளைவு இது.

சிறீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகப் பேராசிரியை நீலிகா மலவிகேயும் அவரது குழுவினரும் ஆராய்ந்தது இந்தக் கசிவையே. குருதிச் சிறுதட்டுகளை ஊக்கும் ஒரு காரணி, கடும் டெங்கு நோயாளரிடத்து மிகுந்திருப்பதையும் கலன்சுவரை அது தளர்த்துவதையும் அவர்கள் கண்டனர். அக்காரணியைத் தடுக்கும் ருபாட்டடீன் புதுமருந்தன்று. தும்மலுக்கும் தோற்றடிப்புக்கும் கொடுக்கப்படும் மாத்திரை. கொழும்பில் நோயாளரிடத்து நடந்த சோதனையில் சில அறிகுறிகளில் மட்டுமே நன்மை தென்பட்டது. வெற்றி முழக்கம் செய்யக் காலம் வரவில்லை. எனினும், வெப்பநாட்டு ஏழைகளின் நோய்க்கு, அந்நாட்டு அரசாங்க வைத்தியசாலைக் கட்டில்களின் அருகிலேயே விடை தேடப்பட்டதை நாம் பெரிதாகவே மதிக்கிறோம்.

உயிரியல் நூலில் 'கலம்' என்ற சொல்லைக் காணும்போதெல்லாம், தமிழ் படித்த எமக்கு மட்கலமும் மரக்கலமும் நினைவுக்கு வரும். நோயுற்ற கலம் சிலவேளை ஓசையின்றித் தன்னை மடித்துக்கொள்கிறது. சிலவேளை வெடித்து, அயற்கலங்களை எச்சரிக்கும் பொருள்களைச் சிந்துகிறது. அழற்சி மூளுகிறது. தெலுங்கானாவிற் பயின்று 2007 முதல் அமெரிக்காவின் மெம்பிசு நகரில் ஆய்வு நடத்தும் திருமலாதேவி கன்னெகன்டி, தனித்தனி எனக் கருதப்பட்ட மூவகைக் கலமரணங்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை எனக் காட்டி, 2019இல் அதற்குப் 'பானொப்டோசிசு' எனப் பெயரிட்டார். நிர்ப்பீடனக் கலங்கள் அனுப்பும் தூதுப் பொருள்களில் இரண்டு சேர்ந்தால் கலங்களைக் கொல்கின்றன என்பதும், அவ்விரண்டையும் தடுத்தால் கொரோனா தொற்றிய எலிகள் சாவினின்று தப்புகின்றன என்பதும் அவரது குழுவின் பிற்காலக் கண்டுபிடிப்புகள். டெங்குவைப் பற்றியதன்று அவ்வாய்வு. ஆயினும் கேள்வி ஒன்றே.

அந்த விடைகள் மாத்திரையாகி எமது ஊர் வந்துசேர எத்தனை ஆண்டு செல்லுமோ! இப்போது எமது கையில் உள்ளது வரவுப் பதிவேடு. நான்காம் நாள் வகுப்புக்குத் திரும்பும் பிள்ளையிடம் "சுகமா?" என்று கேட்டு நாம் நிறுத்துவதில்லை. வயிற்றுவலி உண்டா, வாந்தி உண்டா, காலையிற் சிறுநீர் கழித்தாயா என்று கேட்கிறோம். ஐயம் எழுந்தால் தாயை அழைத்து, அன்றைக்கே குருதிப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். அன்றைய கூலி அவருக்கு இல்லாமற்போகிறது என்பதையும் அறிந்தே அனுப்புகிறோம்.