காகிதத்துக்கு ஒன்றரை லட்சம்

ஓமலூர்ப் பக்கம் வீடு கட்டப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "சதுரம் என்ன ரேட்டு பேசியிருக்கீங்க?" என்பதுதான். ஒரு சதுரம் என்றால் நூறு சதுர அடி. டீக்கடையில் ஒருத்தர் ரெண்டு பத்து என்பார், இன்னொருத்தர் ரெண்டு முப்பது என்பார். லட்சம் என்ற சொல்லைச் சொல்லவே வேண்டியதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். அந்த ரேட்டுக்குள் எது அடங்கும், எது அடங்காது என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மாதம் ஆகும் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்: "ஆறு மாசத்துல சாவி கொடுத்துரலாங்க."

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த மொத்தப் பணம், அம்மாவின் சேமிப்பையும் சேர்த்து, 32 லட்சம். அதற்கு மேல் வர வழியில்லை. கடன் வாங்குவதில்லை என்பது அவருடைய வைராக்கியம். அவர் போட்ட கணக்கு எளிமையானது. சதுரம் ரெண்டு முப்பது, பதிமூன்று சதுரம், ஆக 29 லட்சத்து 90 ஆயிரம். மிச்சம் இரண்டு லட்சம் கிரகப்பிரவேசத்துக்கு.

எனக்கு அந்தக் கணக்கைப் பார்த்தபோது பயமாக இருந்தது. நண்பர்கள் இரண்டு பேருடைய வீடுகள் லிண்டல் மட்டத்தில் நின்று, கம்பி துருப்பிடித்துப்போனதைப் பார்த்திருந்தேன். சேலத்தில் வேலை பார்க்கும் ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம் பேசலாம் என்றேன். அவர் ஃபீஸ் ஒன்றரை லட்சம் என்று தெரிந்ததும் அப்பா கேட்டார்: "காகிதத்துக்கா ஒன்றரை லட்சம்? மேஸ்திரி கோலமாவுல தரையில போட்டுக் காட்டுவாரே."

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் மேஸ்திரி அண்ணன் முப்பது வருஷமாகக் கட்டுகிறவர். அவர் கையால் எழுந்த சுவர் எதுவும் சாய்ந்ததில்லை. ஆனால் தரையில் கோடு போட்ட மறுநாளே வானம் தோண்ட ஆள் வந்துவிடும். யோசிப்பதற்கு நடுவில் ஒரு ராத்திரிதான்.

2024 ஆனி மாதம் அந்த ஆர்க்கிடெக்டைப் பார்க்கப் போனோம். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். ரேட்டைப் பற்றிப் பேசாமல், "மொத்தம் எவ்வளவு இருக்குங்க? அதுல தொடவே கூடாத பணம் எவ்வளவு?" என்று கேட்டார். அப்பா சொல்லத் தயங்கினார். கையில் இருப்பதை முழுசாகச் சொன்னால் முழுசாகச் செலவு வைத்துவிடுவார்கள் என்பது எங்கள் ஊர் ஞானம். கடைசியில் அம்மாதான் சொன்னார்.

அவர் ஒரு தாளில் கோடு போட்டு எழுதத் தொடங்கினார். சதுர ரேட்டுக்குள் வராதவை: போர், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், தற்காலிக மின் இணைப்பு. இதற்கு மூன்று லட்சம். "போர் மட்டும் நான் எழுதுறது ஊகம்ங்க. இந்தப் பக்கம் பாறை. எத்தனை அடியில தண்ணின்னு மெஷினுக்கே தெரியாது." அவருடைய ஃபீஸ், கம்பி கட்டும் கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், அனுமதிக் கட்டணம் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம். எதிர்பாராத செலவுக்கென்று 2 லட்சத்து 85 ஆயிரம். அதைக் கட்டம் கட்டி அடிக்கோடிட்டார். இவை போக மிஞ்சியது 24 லட்சத்து 15 ஆயிரம். ரெண்டு முப்பதால் வகுத்தால் பத்தரைச் சதுரம்.

பதிமூன்று, பத்தரை ஆனது. அதுவும் விசேஷச் செலவு போகத்தான். அதை ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் எடுத்து வைக்கச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது அப்பா பேசவே இல்லை. இறங்கும் முன் ஒரே வாக்கியம்: "வீட்டைக் குறைக்கறதுக்கு ஒரு ஆளுக்குச் சம்பளமா?"

ஃபீஸைப் பற்றி அவருக்கு இருந்த இன்னொரு சந்தேகம் இன்னும் கூர்மையானது. கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். "செலவு ஏற ஏற அவங்களுக்குத்தானே லாபம்?" அடுத்த முறை இதை நேராகவே கேட்டுவிட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை. மொத்தமாக ஒரே தொகை என்று எழுதிக்கொள்ளலாம் என்றார். எழுதினோம். வரைபடத்தை எத்தனை முறை மாற்றலாம், சைட்டுக்கு எத்தனை முறை வருவார், எந்தக் கட்டம் முடிந்ததும் எவ்வளவு கொடுக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் என்ன கணக்கு, எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் வந்தது. அலுவலகம் ஜிஎஸ்டி பதிவு பெற்றது என்றால் ஃபீஸுக்கு மேல் 18 சதவீதம் வரும், அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ள முடியும். சின்ன ஊர்களில் பிளான் போடுகிறவர்கள் எல்லோருடைய போர்டிலும் அந்தச் சொல் இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பணத்தைவிட எங்கள் வீட்டில் அதிகம் சண்டை வந்தது நாளைப் பற்றித்தான். வரைபடத்துக்கு மட்டும் மூன்று மாதம் கேட்டார். "மூணு மாசத்துல ரூஃப் போட்டுருவாங்களே" என்றார் அப்பா. அந்த மூன்று மாதத்தில் நடந்தது இது: முதல் வரைபடத்தில் நீளமாக ஒரு நடை இருந்தது. அதை எடுத்ததில் கிட்டத்தட்ட ஒரு சதுரம் மிச்சம். இரண்டாவதில் மாடிப்படி வெளியே போனது. மூன்றாவதைப் பார்த்தபோது அம்மா, முழங்காலைத் தடவிக்கொண்டே, "பாத்ரூமு ரூமுக்குள்ளயே இருந்தா தேவலாம் கண்ணு" என்றார். அதுவரை அவர் எதுவும் கேட்டதே இல்லை. ஆர்க்கிடெக்ட் சுவரை நகர்த்தி, கதவை மூன்றடி அகலமாக்கி, வாசற்படியின் உயரத்தையும் எடுத்துவிட்டார். காகிதத்தில் அதற்கு ஆன செலவு பத்து நிமிடம். சுவர் எழும்பிய பிறகு என்றால் இடிக்கக் கூலி, குப்பை அள்ள டிராக்டர், இரண்டு வாரம், மேஸ்திரி அண்ணனின் மனக்கசப்பு.

அனுமதிக்கு அலைவோம் என்று ஒரு மாதம் ஒதுக்கியிருந்தோம். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்திருந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு இணையத்திலேயே அனுமதி வாங்கிவிடலாம். அங்கே மிச்சமான நாட்களைப் பஞ்சாங்கம் எடுத்துக்கொண்டது. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் வாஸ்து நாள் கிடையாது. ஐப்பசியில் பூமி பூஜை போட்டோம்.

மனிதர்களுக்கு நாள் கணக்கு ஏன் தவறுகிறது என்பதைப் பற்றி 1994-இல் கனடா உளவியலாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். கெட்டுப்போவதைக்கூட நாம் குறைத்துத்தான் கற்பனை செய்கிறோம். சிட்னி ஓபரா ஹவுஸை 70 லட்சம் டாலரில் 1963-க்குள் முடிப்பதாகச் சொன்னார்கள். திறந்தது 1973-இல், செலவு 10 கோடியே 20 லட்சம். அதை வரைந்த யோர்ன் உட்சோன் 1966-லேயே வேலையை விட்டுப் போய்விட்டார்.

நம் ஊரிலேயே இதைவிடப் பொருத்தமான கதை இருக்கிறது. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் புதிய தலைமைச் செயலகத்துக்கு 2008 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. வடிவமைப்பு ஜெர்மனியின் ஜிஎம்பி நிறுவனம். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தபோது உச்சியில் இருக்க வேண்டிய குவிமாடம் தயாராகவில்லை. சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி செட் போட்டுக் கொடுத்தார். தேதி முந்திக்கொண்டது, கட்டடம் பின்னால் வந்தது. ஆட்சி மாறிய பின் அது மருத்துவமனையானது வேறு கதை. எனக்கு அந்த செட் நினைவிலேயே நிற்கிறது. பெயின்ட் காயாத சுவரில் தோரணம் கட்டி, கதவில்லாத ரூமுக்குத் திரை போட்டு நடக்கும் கிரகப்பிரவேசங்கள் எங்கள் பக்கம் எத்தனையோ. பத்திரிகை அடித்தாயிற்று, சொந்தபந்தம் வருகிறது, வேறென்ன செய்ய?

எங்களுக்கு ஆவணியில் கிரகப்பிரவேசம் என்று திட்டம். டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழை அஸ்திவாரக் குழிகளைக் குளமாக்கியது. பொங்கலுக்குப் போன ஆட்கள் பத்து நாள் கழித்து வந்தார்கள். 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர்காரர்களின் வேலைநிறுத்தம். ஜல்லியும் வரவில்லை, எம்-சாண்டும் வரவில்லை. பிறகு வந்தபோது விலை ஏறியிருந்தது. அந்தக் கட்டம் கட்டிய 2 லட்சத்து 85 ஆயிரத்திலிருந்து முதல் முறை பணம் எடுத்தது அப்போதுதான்.

ஆடி பிறந்தபோது டைல்ஸ் பாதி, பெயின்ட் தொடங்கவே இல்லை. பெரிய அத்தை ஃபோனில், "பத்திரிகை எப்படா அடிக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேஸ்திரி அண்ணன், "ராப்பகலா ஆள் போட்டு முடிச்சுக் கொடுத்துர்றங்க, கொஞ்சம் கூடுதலா ஆகும்" என்றார். அப்பா கண்டக்டர் காலத்துப் பழக்கத்தில் பைசா வரை எழுதி வைத்த நோட்டைப் பிரித்துப் பார்த்தார். அந்த நோட்டில் தொகைக்குப் பக்கத்தில் 'நாள்' என்று இன்னொரு பத்தி எப்போதோ சேர்ந்திருந்தது, நான் கவனித்ததில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஜோசியர் வீட்டுக்குப் போனார். வந்து அத்தைக்கு ஃபோன் போட்டார். "ஐப்பசிக்குத் தள்ளியாச்சு. காயாத வீட்டுக்குள்ள பாலைக் காச்சி என்ன பண்ண?"

ஐப்பசியில் குடிபோனோம். ஒதுக்கிய பணத்தில் 2 லட்சத்து 20 ஆயிரம் கரைந்திருந்தது. போர் மட்டும் ஊகத்தைவிட 40 ஆயிரம் கூடுதல். மீதி 65 ஆயிரத்தை அப்பா அம்மா பெயரில் பேங்கில் போட்டார். ஆர்க்கிடெக்டின் கடைசித் தவணையைத் தானே நேரில் போய்க் கொடுத்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பத்தரைச் சதுரம் சின்னது என்று விசேஷத்துக்கு வந்த இரண்டு மூன்று பேர் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். ராத்திரியில் யாரையும் எழுப்பாமல் அவரே பாத்ரூம் போய் வருகிறார்.