வாடகை எந்த ஊருக்குப் போகுது?

தம்பி, அறுவடை மெஷின் வந்துதான் கிராமம் கெட்டுச்சுன்னு திண்ணையில பேசுவாங்க. அப்படியே நம்பிடாதே. தை மாசப் பனியில விடியுமுன்னே வயல்ல இறங்கி, நாள் முழுக்கக் குனிஞ்சு கதிர் அறுத்த பொம்பளைங்களைக் கேட்டுப் பாரு. அந்தப் பாடு மறுபடி வரட்டும்னு ஒருத்தியும் சொல்லமாட்டா.

ஆனா அந்தப் பாட்டுக்குக் கிடைச்ச கூலி ஊருக்குள்ளயே இருந்துச்சு. நெல்லாவே களத்துல அளப்பாங்க. பானைக்குப் போக மிச்சம் மளிகைக் கடைக்குப் போகும். அந்தக் கூலிக்காகத்தான் எத்தனை சண்டை! கூலித் தகராறு முத்தி 1968-ல கீழ்வெண்மணியில 44 பேரை உசுரோட கொளுத்தினாங்க. மறு வருஷம்தான் நியாயக் கூலிச் சட்டம் வந்துச்சு.

இப்ப சேலம் பக்கத்துலேருந்து பெல்ட் போட்ட அறுவடை வண்டி வருது. பயிர் நல்லா நின்னா ஏக்கருக்கு ஒரு மணி நேரம் போதும். மழையில சாஞ்சுட்டா நேரம் இழுக்கும். மணிக்கணக்கு வாடகைதானே, அதுவும் ஏறும். டீசல், டிரைவர் படி, வண்டிக் கடன் தவணைன்னு அந்தக் காசு மொத்தமும் வெளியூருக்குப் போயிடுது. மெஷின் நொறுக்கிப் போட்ட வைக்கோலைக் கட்டுறதுக்கு இன்னொரு மெஷின், அதுக்கும் தனி வாடகை.

நிலம் இருக்குறவனுக்கு இதுல ஆள் தேடுற அலைச்சலாவது மிச்சம். நிலம் இல்லாத வீட்டுக்கு அறுப்பு மாச வருமானமே போச்சு. அந்த வீட்டுப் புள்ளைதான் முதல்ல திருப்பூர் பஸ் ஏறுது. டவுனுக்கும் நமக்கும் இடைவெளி இப்படித்தான் கூடுது.

அதனால மெஷினைத் திட்டாதே, அதுல பங்கு கேளு. 2017-18-ல அரசு கூட்டுப் பண்ணையத் திட்டம் கொண்டுவந்துச்சு. நூறு சிறு, குறு விவசாயிங்க சேர்ந்த குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தாங்க, பொதுவுல கருவி வாங்கிக்க. அந்தக் காசுக்கு அறுவடை மெஷின் வராது. பவர் டில்லர், ரொட்டவேட்டர் வரும். அதுலேருந்து தொடங்கு. ஓட்டவும் பழுது பாக்கவும் வெளியாளைக் கூப்பிடாதே. கதிர் அறுத்த வீட்டுப் புள்ளைங்களுக்குக் கத்துக்கொடுத்து, அந்த வேலையை அவங்ககிட்டயே விடு.

இன்னொண்ணு. கணக்கு நோட்டுல வாடகைன்னு தொகையை மட்டும் எழுதாம, எந்த ஊர் ஆளுக்குக் கொடுத்தோம்னும் எழுதி வை. ரெண்டு போகம் எழுதினாலே போதும், அடுத்த மெஷினை யார் வாங்கணும்னு உனக்கே தெரிஞ்சுடும்.