ரியாக்ட் மட்டும் போதுமா, ஃபுல் ஸ்டாக் போகணுமா?

முத்தாபுதுப்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் இப்போது அதிகம் கேட்பது இதைத்தான். வெப் டெவலப்பர் ஆக வேண்டும், சரி. ஒன்றில் ஆழமாக இறங்குவதா, எல்லாவற்றையும் தொட்டு வைப்பதா?

"உனக்குப் பிடித்ததைப் படி" என்று சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. இரண்டு வருடம் வேலை இல்லாவிட்டாலும் சோறு போட வசதியுள்ள வீட்டுக்கான அறிவுரை அது. இங்கே பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. கம்பெனிக்குள் பெயரைச் சொல்லிவிட மாமாவும் கிடையாது. கையில் இருப்பது செய்துகாட்டிய வேலை மட்டும்தான்.

எனவே முதல் வேலைக்கு ஒன்றில் ஆழம் வேண்டும் என்பதே எங்கள் கட்சி. கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, ஆறு மாதத்தில் பத்துப் பெயர்களைக் கற்றுவந்த பிள்ளைகள் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே திணறுவதைப் பார்க்கிறோம்.

ஆனால் எதில் ஆழம்? ஒரு காலத்தில் ஃப்ளாஷ் தெரிந்தவருக்குத் தனி மவுசு. 2020 டிசம்பரோடு அது முடிந்தது. 2010இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 டிசம்பரோடு கூகுளின் ஆதரவு நின்றது. 1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் ஓடுகிறது. 2013இல் வெளிவந்த ரியாக்ட்டும் அதன்மேல் கட்டியதுதான். அடியில் இருப்பதைத் தோண்டியவருக்கு மேலே பெயர் மாறினால் சில வார வேலை.

இது நமக்குப் புதிதல்ல. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நம் அப்பாக்கள் பலர் லேத் ஓட்டினார்கள். டிராயிங் படிக்கவும் அளவெடுக்கவும் தெரிந்த டர்னர்கள் சிஎன்சி வந்தபோது அதற்கு மாறிக்கொண்டார்கள். ஜாப்பை மாட்டிக் கழற்ற மட்டும் தெரிந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். (டிராயிங்கை யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், யாருக்கு மறைத்தார்கள் என்பது தனிக்கதை.)

இதனால்தான் ஸ்பெஷலைசேஷன் என்ற சொல்லிடம் எங்களுக்குக் கொஞ்சம் சந்தேகமும் உண்டு. ஆளை ஒரே தொழிலில் கட்டிப்போடுவது சாதியின் பழைய வேலை. தொழில் மாற விடாததாலேயே சாதி வேலையின்மையை உண்டாக்குகிறது என்று 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் 1936லேயே காட்டினார். நாமே தேர்ந்த ஆழம் வேறு, அடுத்தவர் நம்மை நிறுத்திவைக்கும் மூலை வேறு. எங்களிடம் படித்த ஒரு தங்கை வேலையில் சேர்ந்து இரண்டு வருடமாகப் பட்டனின் நிறத்தையும் எழுத்தின் அளவையும்தான் திருத்திக்கொண்டிருந்தாள். டேட்டாபேஸ், சர்வர் வேலையெல்லாம் பக்கத்து நாற்காலிக்கே போனது. மேலாளருக்கு மெயிலில் எழுதிக் கேள் என்றோம். மூன்று முறை எழுதினாள். மூன்றாவதுக்குப் பிறகு ஒரு சின்ன மாட்யூல் கொடுத்தார்கள்.