மதுவத்தின் சாட்சியம்

அப்பத்துக்குக் கரைத்த மாவிலே சிறிது கள்ளை விட்டு இரவு முழுவதும் மூடிவைக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் நெடுங்காலமாக உண்டு. விடியும்போது மா பொங்கியிருக்கும். பொங்கச் செய்தது யாதென வினாவாமலே பல தலைமுறைகள் அப்பம் சுட்டன. பயன் தெரிந்தாற் போதும், காரணம் தெரியவேண்டுவதில்லை என்பது அடுக்களைக்குப் பொருந்தும் நியாயமாகலாம். மருந்துக்கும் அது பொருந்துமா? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுக்குத் துணைநின்றவற்றுள், மாவைப் பொங்கச் செய்யும் அதே மதுவமும் ஒன்றாகும்.

புற்றுநோய் புகுந்த வீட்டிற்கு வைத்தியர் வருமுன்பே ஆலோசனை கூறுவோர் பலர் வந்துவிடுவர். இன்ன இலையின் சாறு, இன்ன வேரின் கசாயம் என ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வர். அதனைச் சிலர் நகைப்பர். சிலர் முற்றாக நம்புவர். நோயாளியோ இவ்விரு சாராருக்குமிடையே விலைமதிப்பற்ற நாட்களை இழப்பார். நகைப்பும் நம்பிக்கையும் ஆராய்ச்சிக்கு ஈடாகமாட்டா என்பதை மரமொன்றின் கதை தெளிவாக்கும்.

சீனத்தில் ‘மகிழ்ச்சி மரம்’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கும் மரத்தின் சாற்றிலே புற்றுநோய்க்கெதிரான ஆற்றல் உண்டென்பதை அமெரிக்க இரசாயனவியலாளர் மொன்றோ வோல் 1950களின் பிற்பகுதியிற் கண்டார். அவரும் இந்தியாவிற் பிறந்த மன்சுக் வானியும் வட கரோலினாவில் உடனுழைத்து, அவ்வாற்றலுக்குரிய பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1966 இல் வெளியிட்டனர். அதற்குக் கம்ப்டோதெசின் எனப் பெயரிடப்பட்டது. ஒருகாலத்திற் சென்னை மாநிலக் கல்லூரியின் பேராசிரியராக விளங்கிய டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும், மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளிலுள்ள வேறொரு மரத்திலும் இதே பொருள் இருப்பதை 1972 இல் அறிவித்தனர். அம்மரம் இலங்கையிலும் வளர்வதாகும்.

மருந்து கிடைத்தது, ஆனால் அது எதனைத் தாக்குகிறது என்பது தெரியவில்லை. எளிதில் நீரிற் கரையாத இப்பொருளை உப்பாக மாற்றி, 1970களின் தொடக்கத்தில் நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். அவ்வாறு மாற்றியபொழுது மூலக்கூற்றின் ஒரு வளையம் திறந்து, அதன் வலிமை குன்றியது. அமிலத்தன்மையுடைய சிறுநீரில் அவ்வளையம் மீண்டும் மூடிக்கொண்டு, சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியது. நன்மை சொற்பமாகவும் துன்பம் பெரிதாகவும் இருந்தமையாற் பரிசோதனைகள் நிறுத்தப்பட்டன. காரணம் அறியாத மருந்தின் விலையைச் செலுத்தியோர் ஆய்வாளரல்லர். ஏற்கெனவே நோயுற்றிருந்த மனிதரே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இம்மருந்தின் செயலை விளங்கிக்கொள்வதற்குக் கயிறு திரித்தலை நினைத்தாற் போதும். முறுக்கிய இரு புரிகளை ஒரு முனையிலிருந்து பிரித்துக்கொண்டு போனால், முன்னேயுள்ள பகுதியில் முறுக்கு மேன்மேலும் இறுகும். ஒரு கட்டத்திற்கு மேற் பிரிக்க இயலாது. கலத்தினுள் டி.என்.ஏ. இழைகள் பிரதியாக்கத்திற்காகப் பிரியும்போதும் இவ்விடர் நேர்கிறது. இதனைத் தீர்க்கும் நொதியமொன்றை ஜேம்ஸ் வாங் என்பார் 1971 இல் பற்றீரியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தார். தொப்போஐசோமரேசு எனப்படும் இவ்வின நொதியங்களுள் முதலாம் வகை, ஓரிழையை வெட்டி, முறுக்கைத் தளரவிட்டு, வெட்டிய இடத்தை மீளப் பொருத்திவிடும்.

1985 இல் லெரோய் லியூவும் அவருடன் உழைத்தோரும், கம்ப்டோதெசின் பற்றிக்கொள்வது இந்நொதியத்தையே எனச் சோதனைக்குழாயிற் காட்டினர். வெட்டுவதை மருந்து தடுப்பதில்லை. வெட்டியபின் பொருத்துவதையே தடுக்கிறது. எனினும் சோதனைக்குழாயில் நிகழ்வது உயிருள்ள கலத்திலும் நிகழுமென்பதற்கு உறுதி யாது? மருந்து வேறு பத்துப் பொருள்களைத் தாக்கியும் கலத்தைக் கொல்லக்கூடுமன்றோ? இவ்வையத்தைத் தீர்க்க ஒரேயொரு நேர்வழியே இருந்தது. அந்நொதியமே இல்லாத கலமொன்றுக்கு மருந்தைக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும்.

இங்கேதான் மதுவம் சாட்சிக்கூண்டில் ஏறுகிறது. மதுவம் ஒரு கலத்தாலான உயிரெனினும், கருவும் நிறமூர்த்தங்களும் உடையது; பற்றீரியாவைக் காட்டிலும் மனிதனுக்கு நெருங்கிய உறவினது. ஏறத்தாழத் தொண்ணூறு நிமிடங்களில் இரட்டிக்க வல்லது. அதன் பரம்பரையலகுகளுள் வேண்டிய ஒன்றைத் தேர்ந்து நீக்குதலும் எளிது. முதலாம் தொப்போஐசோமரேசு இல்லாத எலிக்கரு தொடக்க நிலையிலேயே இறந்துபோகும். மதுவமோ அஃதின்றியும் உயிர்வாழும். இரண்டாம் வகை நொதியம் அதன் வேலையை ஏற்றுக்கொள்வதே இதற்குக் காரணம்.

1988 இல் ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் ஜோன் நிட்டிசும் ஜேம்ஸ் வாங்கும், நியூ யோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேறொரு குழுவினரும் இச்சோதனையை நிகழ்த்தினர். நொதியமுள்ள மதுவம் கம்ப்டோதெசினால் மடிந்தது. நொதியமற்ற மதுவம் பிழைத்தது. அடுத்த ஆண்டு, நொதியமற்ற அதே மதுவத்தினுள் மனிதனின் பரம்பரையலகு புகுத்தப்பட்டது. மனித நொதியத்தைப் பெற்ற மதுவம் மீண்டும் மருந்துக்கு இரையாயிற்று. இல்லாதபோது சாவில்லை, இருக்கும்போது சாவு. இதனினும் தெளிந்த சாட்சியம் எந்நீதிமன்றத்திலும் கிடைத்தலரிது.

இதன் உட்பொருள் சிந்தனைக்குரியது. பகைவனின் படைக்கலத்தைப் பறிப்பதே மருந்தின் தொழில் எனப் பொதுவாக எண்ணப்படுவதுண்டு. கம்ப்டோதெசின் பறிப்பதில்லை, கலத்தின் பணியாளனை வெட்டிய நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. பிரதியாக்கப் பொறி விரைந்து வந்து அதனுடன் மோதும்போது, இழை முற்றாக முறிகிறது. ஓயாது பிரிந்து பெருகும் கலத்திலே இம்மோதல்கள் மிகுதி. ஆகவே அழிவும் மிகுதி.

பொறிமுறை விளங்கவே, கைவிடப்பட்ட பொருள்மீது அக்கறை மீண்டும் எழுந்தது. அதன் அமைப்பைத் திருத்தி உருவாக்கிய தொப்போட்டெக்கான் சூலகப் புற்றுநோய்க்கும், இரினோட்டெக்கான் பெருங்குடற் புற்றுநோய்க்கும் ஐக்கிய அமெரிக்காவில் 1996 இல் அனுமதிக்கப்பட்டன. தன் நஞ்சினால் தானே மாளாதிருக்க மரம் கையாளும் உபாயமும் 2008 இல் வெளிப்பட்டது. அம்மரத்தின் நொதியத்திலே ஓர் அமினோவமிலம் மாறியிருந்தது. மருந்துக்கு அடங்காத மனிதக் குருதிப்புற்றுக் கலங்களில் முன்னர் காணப்பட்டதும் அதே மாற்றமே. மரம் தன்னைக் காத்துக்கொண்ட வழியையே நோயும் கைக்கொள்கிறது என்பது அச்சமூட்டும் ஒற்றுமையாகும்.

எனினும் மதுவத்தின் சாட்சியத்தை வரம்பின்றி ஏற்றலாகாது. அதற்குக் குருதியில்லை, ஈரலில்லை, வலியில்லை. அதன் தடித்த சுவர் பல மருந்துகளை உள்ளே விடுவதில்லை. வோலும் வானியும் 1971 இல் அமைப்பை வெளியிட்ட மற்றொரு பொருளான தக்சோல், மதுவத்தின் தியூபியூலின் புரதத்துடன் இயல்பாகப் பிணைவதில்லை. அப்புரதத்தில் ஐந்து அமினோவமிலங்களை மாற்றிய பின்னரே பிணைந்ததென 2003 இல் அறியப்பட்டது. நோயாளி தாங்குவாரா என்பதை மதுவம் சொல்லாது. மருந்து எதனைத் தொடுகிறது என்பதையே சொல்லும். அந்த ஒன்றைச் சொல்வதில் அதன் ஆற்றல் பெருகியுள்ளது. ஏறத்தாழ ஆறாயிரம் பரம்பரையலகுகளைக் கொண்ட அதன் முழு வரிசையும் 1996 இல் வாசித்தறியப்பட்டது. பின்னர் அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிய மதுவத் தொகுதிகள் ஆயத்தமாயின. புதிய தாவரப் பொருளொன்றை அத்தொகுதி முழுவதன்மீதும் சோதித்து, எவை மடிந்தன, எவை பிழைத்தன எனக் கணக்கிட்டாற், பொருளின் இலக்கை உய்த்துணர வழி பிறக்கும்.

கம்ப்டோதெசினுக்காக வெட்டப்பட்டமையால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் இன்று அருகிவருகிறது. அறிவு வளர்ந்தபோது காடு தேய்ந்தது என்னும் இக்கணக்கும் கதையின் ஒரு பகுதியே. ஆயினும் காட்டிலுள்ள மருந்தைக் காப்பதற்கும், பொய்மருந்தினின்று நோயாளியைக் காப்பதற்கும் வேண்டுவது ஒரே மனப்பாங்கு: சொல்பவர் யாராயினும், ‘எவ்வாறு?’ எனக் கேட்டு, விடை வரும்வரை அவ்வினாவைக் கைவிடாதிருத்தல். மரபின்மீது மதிப்புடையோர் அவ்வினாவுக்கு அஞ்சவேண்டியதில்லை. மகிழ்ச்சி மரம் அவ்வினாவால் இழிவடையவில்லை. அதன் மருந்து நோயாளர்க்குப் பயன்பட்டது அதன் பின்னரேயாம்.