பயன்படாத கம்பிகளும் வேறுபாட்டின் இலக்கணமும்

மின்னழுத்தம் தனியொரு கம்பிக்குள் குடியிருக்கும் பண்பன்று. இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. 1916-இல் வெளியான சசூரின் விரிவுரைகள் மொழிக்குறியைப் பற்றி ஏறத்தாழ இதையே கூறுகின்றன: ஒரு குறியின் மதிப்பு, பிற குறிகளிலிருந்து அது வேறுபடுவதில் உள்ளது. இந்த ஒப்புமை எங்கே முறிகிறது என்பதைச் சுனாபட்டியின் சிறு பட்டறையொன்று காட்டுகிறது.

சுண்ணாம்புக் காளவாயைப் பெயரில் தாங்கிய பகுதி அது. 1886-இல் ஜம்சேட்ஜி டாட்டா வாங்கிய ஆலை, சுதேசி மில் என்ற பெயரில் அங்கேதான் ஓடியது, 2000-இல் நின்றது. ஆலை மூடினால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற அறிவும் தொழிலாளரோடு வெளியேறிவிடுகிறது. வாடகைக்குக் கைமாறும் பட்டறைகளிலும் இதுவே நிகழ்கிறது.

முன்பு கடைசல் எந்திரம் ஓடிய அந்தப் பட்டறையில் இப்போது தையல் எந்திரங்கள். சுவரில் ஐந்து கம்பிகள் எஞ்சியிருந்தன: சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை. வந்த மின்பணியாளர் நிறத்தை நம்பவில்லை. டெஸ்டரை வைத்தார், முதல் மூன்றிலும் விளக்கு மினுங்கியது. மீட்டரில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே சுழியம்.

"அப்போ அதுல கரண்ட் இல்லதானே தம்பி?" என்றார் உரிமையாளர்.

"இருக்கு அண்ணாச்சி. ரெண்டும் ஒரே ஃபேஸ். அதான் நடுவுல ஒண்ணும் காட்டல."

பச்சையோடு ஒப்பிட்டுக் கறுப்பை நியூட்ரல் என்று உறுதிசெய்தபின், அதற்கெதிராக அளந்தார். சிவப்பு 230 வோல்ட், மஞ்சளும் 230. வெவ்வேறு ஃபேஸ்களாயின் அவற்றிடையே ஏறத்தாழ 400 காட்டியிருக்கும். நீலம் 60 காட்டியது. நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையே ஒரு பல்பைக் கோத்ததும் அந்த அறுபது மறைந்தது, பல்பும் எரியவில்லை. உயிருள்ள கம்பியோடு நெடுந்தூரம் ஒட்டிச் செல்லும் அறுந்த கம்பியில் தோன்றும் பொய்யழுத்தம் அது.

'கடல்' என்பதிலும் 'அகல்' என்பதிலும் வரும் ககரம் ஒலியால் வேறு. எனினும் தமிழில் அவை எதிர்நிலை கொள்வதில்லை. எதிர்நிலை இல்லை என்பதற்காக ஒலியே இல்லை என்று எவரும் சொல்வதில்லை. மின்சாரத்தில் அப்படிச் சொல்லிவிட்டால், மழைக்கால ஈரத்தில் தகரச் சுவரோரம் நிற்கும் தொழிலாளிதான் மூன்றாவது புள்ளி ஆகிறார். வேறுபாட்டை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோம் என்பதே அங்கு உயிர்ப்பிரச்சினை.

ஆகவே பயன்படாத கம்பியின் முனையில் டேப் சுற்றுவது போதாது. மெயினை அணைத்து, மின்சாரம் கிளம்பும் முனையிலேயே அதைக் கழற்றி, இரு முனைகளையும் மூடி, எங்கிருந்து எங்கே செல்கிறது என்று எழுதி ஒட்ட வேண்டும். அடுத்து வருபவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் வாசிக்கக்கூடிய மொழியில் எழுதுவது மட்டும் நம் கையில் இருக்கிறது.