இஞ்சி முதல்ல தண்ணிக்குள்ள போகட்டும்

பெங்களூருல சாயங்கால மழை ஆரம்பிச்சாச்சு.
வீட்டுல எல்லாருக்கும் இஞ்சி டீ வேணும்.

பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து கேட்டா:
"அக்கா, இஞ்சி போட்டாலே பால் திரிஞ்சுடுது. பால் கெட்டுப்போச்சா?"

பால் நல்ல பால்தாம்மா.
பச்சை இஞ்சில ஜிஞ்சிபெயின்னு ஒரு நொதி இருக்கு. பால்ல இருக்கிற புரதத்தை அது உடைச்சிடும்.
சீனால குவாங்டாங் பக்கம் இதை வெச்சே ஒரு இனிப்பு செய்றாங்க. இஞ்சிச் சாறுல சூடான பாலை ஊத்தினா, தயிர் மாதிரி உறைஞ்சிடும்!

நல்லா கொதிச்சா அந்த நொதி வேலை செய்யாது.
அதனால, தோல் சீவி நச்சின இஞ்சியை முதல்ல தண்ணில போடுங்க.
அஞ்சு நிமிஷம் தளதளன்னு கொதிக்கட்டும்.
அப்புறம் டீத்தூள்.
காய்ச்சின பால் கடைசியா.

நம்ம ஊரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேல இருக்கு. இங்க தண்ணி 97 டிகிரி கிட்டயே கொதிச்சிடும். அதனால நான் ஒரு நிமிஷம் கூடவே விடுவேன்.

இஞ்சிக்கும் இங்க பஞ்சமே இல்ல. ஹாசன், சிவமொக்கா, மைசூரு பக்கமெல்லாம் விளையுது. கே.ஆர். மார்க்கெட்டுல மண்ணோட கிடைக்கும்.
தோல் மெல்லிசா இருந்தா இளசு, காரம் கம்மி.
டீக்கு நல்லா முத்தினதா பார்த்து எடுங்க.

ஊரை விட்டு வந்து பி.ஜி. விடுதியில, தனி ரூம்ல தங்கியிருக்கிற பிள்ளைங்களா,
ஒரு துண்டு இஞ்சி எப்பவும் வாங்கி வைங்க.
டீ போடுற அன்னைக்கு பக்கத்து ரூம்காரங்களையும் கூப்பிடுங்க.