திரும்பி வரும் பயணம்

காலபோக அறுவடை முடிந்த கையோடு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு சகோதரர் என்னை நிறுத்தினார். அவர் கையில் ஒரு வர்ண விளம்பரத் தாள் இருந்தது. உயர்ந்த கோபுரங்கள், நீலக் கடல், சிரிக்கும் பிள்ளைகள். "நான்கு நாட்கள், மூன்று இரவுகள்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

"மௌலவி, பிள்ளைகள் ஆசைப்படுறாங்க. நெல்லு வித்த காசு பாதிக்குத்தான் காணும். மிச்சத்துக்கு மனிசிட நகைய அடகு வைக்கலாமெண்டு பாக்குறன். மார்க்கத்தில இதுக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

அன்று அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. இன்று வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் பல வீடுகளில் கேட்கப்படுகிற கேள்வி இது.

பயணம் போவது வீண்செலவு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவதற்கு நான் துணியமாட்டேன். பூமியில் சுற்றிப் பார்த்துச் சிந்திக்குமாறு குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. குறைஷியரின் மாரிகாலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் சொல்வதற்கென்றே ஒரு சிறிய சூறா இருக்கிறது. மொரோக்கோவில் பிறந்த இப்னு பதூதா 1344ஆம் ஆண்டில் நமது புத்தளக் கரையில் இறங்கி, பாவா ஆதம் மலை ஏறிப் பார்த்துவிட்டு, அதன் பின் தமிழகக் கரைக்குக் கப்பல் ஏறினார். ஆகவே பயணம் நமக்குப் புதியதல்ல.

ஆனால் வன்னி மக்களுக்குப் பயணம் என்ற சொல்லின் பொருளே வேறாக இருந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. முல்லைத்தீவு தண்ணீரூற்றிலிருந்து கையில் கிடைத்ததோடு வெளிக்கிட்டோம். அதுதான் என் முதற் பயணம். 2009இல் நமது தமிழ்ச் சகோதரர்கள் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் செட்டிகுளத்து முகாம்களில் வந்து சேர்ந்தார்கள். அதுவும் ஒரு பயணம்தான். இவை தவிர நாம் அறிந்த வெளிநாட்டுப் பயணம், குடும்பத்தை விட்டுவிட்டு வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போனது மட்டுமே.

எழுபது வயதைக் கடந்த என் உம்மா ஒரு நாள் சொன்னா: "போகச் சொன்னாங்க, வெளிக்கிட்டம். திரும்பி வாற நாள் குறிச்சு ஒரு பயணம் என்ட வாழ்க்கையில நான் போகல்ல, மகன்."

அந்தச் சொல் என் மனதில் தைத்துவிட்டது. உம்மாவை ஒரு தடவையாவது திரும்பி வரும் ரிக்கட்டுடன் கூட்டிப் போக வேண்டும் என்று நிய்யத் வைத்தேன்.

முதல் முயற்சியில் கற்ற பாடம்

முதலில் உம்ராவுக்கே முயன்றேன். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பயண முகவரிடம் முற்பணம் கட்டினேன். அவர் தந்தது ஒரு துண்டுக் கடதாசியில் தொகையும் கையெழுத்தும் மட்டுமே. அப்போது 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் வரை ஏறியது. முகவர் மேலும் பணம் கேட்டார். என்னால் இயலவில்லை. கட்டியதில் ஒரு பகுதிதான் திரும்பிக் கிடைத்தது. அவரைக் குறை சொல்லவும் என்னிடம் எழுத்து எதுவும் இல்லை.

குர்ஆனின் மிக நீளமான வசனம் எது தெரியுமா? சூறா பகராவின் 282ஆம் வசனம். அது தொழுகை பற்றியதோ நோன்பு பற்றியதோ அல்ல. தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று கற்பிப்பது. ஆண்டுதோறும் வகுப்பில் அதை ஓதி விளக்கம் சொல்லும் நானே அதை மறந்து பணம் கட்டினேன். பிழை முதலில் என்னுடையதுதான்.

பக்கத்துக் கரை

தூர நாட்டுக்கு வசதி இல்லையென்றால் பக்கத்து நாட்டைப் பார்க்கலாம் என்று அதன்பின் முடிவு செய்தோம். வவுனியாவிலிருந்து கொழும்பு 250 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. காங்கேசன்துறைக்கு ஏறக்குறைய 160. அங்கிருந்து நாகபட்டினத்துக்குக் கடல் வழியாக 110 கிலோமீற்றர் அளவுதான். நமக்குக் கொழும்பும் நாகபட்டினமும் ஏறத்தாழ ஒரே தூரம்!

முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களில் யுத்தம் அதையும் நிறுத்தியது. பின்பு 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற 150 பேர் செல்லும் கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. பலாலியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் விமான சேவைகள் தொடங்கப்பட்டதும் அண்மைக் காலத்திலேதான்.

மாதம் 15,000 ரூபாய் வீதம் 20 மாதங்கள் சேமித்தோம். 3 இலட்சம் ரூபாய் சேர்ந்தது. நானும் மனைவியும் மகளும் உம்மாவும் 2025 ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் புறப்பட்டோம். அதற்குள் செலவை அடக்கியது எப்படி என்பதைச் சொல்கிறேன், பிறருக்கும் உதவும்.

தயாரிக்கும் முறை

முதலாவது, காலம். நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் நீண்ட விடுமுறை கிடைக்கிறது. ஆனால் ரமழானில் உம்ராச் செலவு உச்சத்தில் இருக்கும். எல்லாரும் போகும் நாளில் போனால் எல்லாம் விலை. கப்பலில் போவதானால் மாரிகாலத்தைத் தவிர்க்க வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் சேவையை நிறுத்திவிடுகிறார்கள். என்னைப் போன்ற அரசாங்க ஊழியர்கள் வெளிநாட்டு லீவுக்கு முன்கூட்டியே அனுமதி பெறவும் மறக்கக்கூடாது.

இரண்டாவது, ஆவணங்கள். கடவுச்சீட்டு பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக இருக்க வேண்டும். உம்மாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் விவாகப் பதிவில் வேறு விதமாகவும் இருந்தது. இடம்பெயர்ந்த நம் மக்களுக்கு இது பொதுவான சிக்கல். ரிக்கட் எடுக்குமுன் இதைச் சரி செய்துகொள்ள வேண்டும். கடவுச்சீட்டுக்கு வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. பத்தரமுல்லைக்கு ஓடத் தேவையில்லை. இந்திய விசாவுக்கு யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம் 2010 முதல் இயங்குகிறது. இணையவழி விசாவும் உண்டு. ஆனால் அது எல்லாத் துறைமுகங்களிலும் ஏற்கப்படுவதில்லை. நீங்கள் இறங்கும் இடத்தில் செல்லுமா என்று விசாரித்த பின்னரே விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது, ரிக்கட். போவதற்கும் வருவதற்கும் சேர்த்தே எடுங்கள். பெரும்பாலும் அதுதான் மலிவு. எத்தனை கிலோ சாமான் இலவசம், நாள் மாறினால் என்ன கட்டணம், சேவை நின்றால் பணம் எப்போது திரும்பும் என்ற மூன்றையும் பணம் கட்டுமுன் கேளுங்கள். கப்பல் கட்டணமும் ஓடும் நாட்களும் அடிக்கடி மாறுகின்றன. அயலவர் சொன்னதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

நான்காவது, முகவர். அவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்றவரா, ஹஜ் பயணமானால் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். விலையில் எவையெல்லாம் அடங்கும், எவை அடங்காது, நாணய மதிப்பு ஏறினால் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கடவுச்சீட்டை வேலை முடிந்ததும் திருப்பிப் பெறுங்கள்.

ஐந்தாவது, பணம். வங்கியிலோ மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணயமாற்றுநரிடமோ மட்டும் மாற்றி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்நாட்களில் ஓர் இந்திய ரூபாய் நமது மூன்றரை ரூபாய் அளவில் இருந்தது. அங்கே 100 ரூபாய் என்றதும் மலிவென்று மயங்காமல், மூன்றரையால் பெருக்கிப் பார்க்க மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கடைத்தெருவில் எங்கள் கணக்காளர் அவள்தான்! சேமித்த தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்தோம். நோய், தாமதம் எதுவும் வரலாம் அல்லவா?

கடலிலும் கரையிலும்

மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். எங்கள் வீட்டில் உம்மாவை அமீராக்கினோம். அவ களைத்தால் எல்லாரும் இளைப்பாறுவது என்பது சட்டம். இதனால் செலவும் குறைந்தது. ஏனெனில் நாளுக்கு ஓர் ஊர் என்று ஓடாமல் நாகபட்டினத்திலேயே நான்கு இரவுகள் தங்கினோம். நாகூரும் காரைக்காலும் அங்கிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்.

கப்பலில் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். எங்களுக்குப் பக்கத்தில் கிளிநொச்சியைச் சேர்ந்த ஒரு தமிழ்த் தாய் இருந்தார். 1990இல் படகேறிய தம்பியை, அங்குள்ள மறுவாழ்வு முகாமில் பார்க்கப் போகிறாராம். இன்னொரு குடும்பம் வேளாங்கண்ணிக்கு நேர்த்தி நிறைவேற்றப் போனது. உம்மாவும் அந்தத் தாயும் எந்த ஊர், எப்போது வெளிக்கிட்டீர்கள் என்று தொடங்கிய பேச்சு கரை தெரியும்வரை முடியவில்லை. இருவரும் ஒரே ஆண்டில் ஊரை விட்டவர்கள். அவர் வடக்கே கடலுக்கும் நாங்கள் தெற்கே காட்டுப் பாதைக்கும் போனோம். இறங்கும்போது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நாகூரின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். ஸியாரத்தின் மார்க்க வரம்புகளைப் பேணி நின்று, அடங்கியிருப்போருக்காகத் துஆச் செய்தோம். நமது கல்முனைக் கடற்கரைப் பள்ளி, சிங்கப்பூர், பினாங்கு என்று நாகூரின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோனவர்கள் நம்மைப் போன்ற பயணிகளும் வணிகர்களுமே. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நாகபட்டினம் மாவட்டத்தில் 6,000க்கு மேற்பட்டோர் மடிந்தபோது, சாதி மதம் பாராமல் ஜனாஸாக்களை அடக்க நாகூர் தர்கா இடம் கொடுத்தது. அதே காலையில் அதே கடல் முல்லைத்தீவையும் விழுங்கியது. கடற்கரையில் நின்ற உம்மா நீண்ட நேரம் பேசவேயில்லை.

தொழுகை பற்றியும் ஒரு வார்த்தை. நமது ஷாபிஈ மத்ஹபின்படி ஏறக்குறைய 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம், சேர்த்தும் தொழலாம். போய்ச் சேரும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தால் அந்தச் சலுகை இல்லை. சலுகை அல்லாஹ்வின் அன்பளிப்பு. விடுமுறை என்பது தொழுகைக்கு விடுமுறை அல்ல.

சகோதரருக்குச் சொன்னது

இனி, விளம்பரத் தாளுடன் வந்த சகோதரருக்கு வருகிறேன்.

"மனைவியின் நகை அவவுடைய சொத்து. மனம் ஒப்பாமல் அதைத் தொட உங்களுக்கு உரிமையில்லை. அவ ஒப்பினாலும், வட்டிக்கு அடகு வைத்து உல்லாசம் போவது ஹராமில் கால் வைப்பது. இது நிர்ப்பந்தமும் அல்ல. ஹஜ் கடமையாகும் அளவுக்கு வசதி வந்தால் அதையே முதலில் நினையுங்கள். இப்போது கையிலிருக்கும் காசில் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் எடுத்து வையுங்கள். மிச்சத்தைத் தனியாகப் போட்டு, அடுத்த இரண்டு போகமும் கொஞ்சம் சேருங்கள். நான்கு நாட்கள் சிரித்துவிட்டு நாற்பது மாதம் வட்டி கட்டினால் பிள்ளைகளுக்கு ஞாபகத்தில் நிற்கப்போவது எது?"

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு போகம்… பாப்பம் மௌலவி" என்றார். அந்தத் தாள் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருப்பதாகவும் அதன் கீழே ஓர் உண்டியல் தொங்குவதாகவும் அவருடைய மகன் வகுப்பில் சொன்னான்.

பயணியின் தேவை முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்பட்டும் என்பது நபிகளாரின் வழிகாட்டல். ஐந்தாம் நாள் மாலை காங்கேசன்துறையில் இறங்கி, இரவு வவுனியா வந்து சேர்ந்தோம். உம்மா வாசற்படியில் நின்று பூட்டைத் திறந்தா. விளக்கைப் போட்டு, வீட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தா.

"எல்லாம் வெச்ச இடத்தில அப்படியே இருக்கு" என்றா.

அல்ஹம்துலில்லாஹ். 1990இல் விட்டு வந்த வீட்டைப் பற்றி அவ சொல்ல முடியாமல் போன சொல் அது. போகும் இடம் எதுவானாலும், திரும்பி வரும்போது வீடு அப்படியே இருக்க வேண்டும்: நகை பெட்டியில், காணி உறுதி அலுமாரியில், கடன்காரர் எவரும் வாசலில் இல்லாமல். அப்படிப் போக முடியுமானால் தாராளமாகப் போய் வாருங்கள். உங்கள் பயணங்களை அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.